வேர்வை காயாம டிரை ஷாம்பு அடிக்காதீங்க

தண்டையார்பேட்டை பக்கம் லாரி புழுதி, கடல் காத்து ஈரம் ரெண்டும் சேர்ந்தா இன்னைக்கு தலைக்கு குளிச்சா நாளைக்கு சாயங்காலமே உச்சி பிசுபிசுன்னு ஆயிடும். தினமும் தலைக்கு ஊத்த நேரமும் கிடையாது, எங்க தெரு போர் தண்ணி வேற உப்பு, அதுல அடிக்கடி அலசினா முடி தேங்கா நார் மாதிரி ஆயிடுது. அதனால தண்ணியில்லாம வேர்ல அடிச்சுக்கிற டிரை ஷாம்பு நமக்கு நிஜமாவே உதவுற சாமான், ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு ஏத்த மாதிரி போடணும்.

அதுல இருக்கறது பெரும்பாலும் அரிசி ஸ்டார்ச் இல்லனா சோள ஸ்டார்ச். மண்டையில சுரக்கிற எண்ணெய அது உறிஞ்சிக்கும், அவ்ளோதான். அழுக்கு, வேர்வை உப்பு எதையும் எடுக்காது. மாவுல ஈரம் பட்டா என்ன ஆகும்னு சமைக்கிறவங்களுக்கு தெரியும்ல, டோல்கேட்ல மெட்ரோ ஏற வெயில்ல வேகவேகமா நடந்து வந்து அந்த வேர்வையோட அடிச்சா திட்டு திட்டா ஒட்டிக்கும். முதல்ல ஃபேனுக்கு கீழ உக்காந்து முடிய அவிழ்த்து விட்டு வேர் வரைக்கும் காய விடுங்க. தேங்கா எண்ணெய் வச்ச தலைக்கு இது வேணவே வேணாம், அதுக்கு சீயக்காயோ ஷாம்புவோ போட்டு குளிக்கிறதுதான் சரி.

என்னைக் கேட்டா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போடறதுதான் பெஸ்ட், காலையில அவசரத்துல அடிச்சா அது வேலை செய்ய டைமே இருக்காது. நைட் டூட்டி பாக்குற எங்க அக்கா பகல்ல தூங்கப் போறப்ப போட்டுக்குவாங்க. டின்ன நல்லா குலுக்கி, 15ல இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு, வகிடு வகிடா பிரிச்சு வேர்ல மட்டும் அடிங்க. பெரும்பாலானவங்க மேல உச்சியில மட்டும் அடிச்சுட்டு விட்டுடறாங்க, ஆனா காதுக்குப் பின்னாடி, பிடரி, நெத்தி ஓரம் இங்கல்லாம்தான் பிசுபிசுப்பு ஜாஸ்தி. அடிச்சதும் கை வைக்காதீங்க, வெள்ளையா தெரியும், தெரியட்டும், ஒரு ரெண்டு மூணு நிமிஷம் போகட்டும். அப்புறம் விரல் நுனியால மண்டைய நல்லா தேய்ச்சு, தலைய குனிஞ்சு பிரஷ்ஷால வாரினா மிச்ச பவுடர் உதிர்ந்துடும்.

ஸ்ப்ரே வாங்க காசில்லனா ஆரோரூட் மாவுல கொஞ்சம் கோகோ பவுடர் கலந்து மேக்கப் பிரஷ்ஷால வேர்ல தட்டிக்கலாம், கருப்பு முடியில வெள்ளை அவ்வளவா தெரியாது.

ஸ்ப்ரே டின்ல பியூட்டேன், புரொப்பேன் மாதிரி தீப்பிடிக்கிற கேஸ் இருக்கு, அதனால அடுப்பு பக்கமோ சாமி விளக்கு பக்கமோ அடிக்கவே கூடாது, வெயில்ல நிக்கிற ஸ்கூட்டி டிக்கியில வச்சுட்டும் போகாதீங்க. 2022 அக்டோபர்ல அமெரிக்காவுல யூனிலீவர் சில டிரை ஷாம்பு ஸ்ப்ரேக்கள பென்சீன்ங்கற புற்றுநோய் வரவைக்கிற கெமிக்கல் இருக்கலாம்னு விற்பனையில இருந்து திரும்பப் பெற்றாங்க, அதனால நான் ஜன்னல திறந்து வச்சுதான் அடிப்பேன். வீசிங் இருக்கறவங்க வீட்ல இருந்தா மொட்டை மாடிக்குப் போயிடுங்க.

ரெண்டு குளியலுக்கு நடுவுல ஒரு தடவை, மிஞ்சிப் போனா ரெண்டு தடவை, அதுக்கு மேல வேணாம். பவுடர் வேர்ல படிஞ்சு அரிப்பு வரும், பொடுகு இருந்தா இன்னும் மோசமாகும். தலைக்கு குளிக்கிற அன்னைக்கு முதல்ல வெறும் தண்ணியில மண்டைய தேய்ச்சு அலசிட்டு அப்புறம் ஷாம்பு போடுங்க, தேவைப்பட்டா ரெண்டாவது ரவுண்டும் போடுங்க.