பாரத்நெட்: கேபிள் ஊருக்கு வந்தால் மட்டும் போதுமா?

2011-இல் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க் என்ற பெயரில் ஒப்புதல் பெற்ற, கிராமங்களுக்கு இணையம் தரும் மத்திய அரசுத் திட்டம்தான் இன்றைய பாரத்நெட். சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர், அதாவது தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை, கொண்டுபோவது இலக்கு. எத்தனை கிலோமீட்டர் கேபிள் புதைத்தார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஓர் ஊரில் இணைப்பு நிலைத்து நிற்குமா என்பதோ டெசிபல் கணக்கில், அதாவது வழியில் ஒளி எவ்வளவு குறைகிறது என்ற அளவில், இருக்கிறது.

ஊராட்சி ஒன்றியத்தில் ஒளியை அனுப்பும் மையக் கருவியான ஓஎல்டி, கிராமத்தில் அதைப் பெறும் கருவியான ஓஎன்டி. ஒரே ஃபைபரைப் பல இணைப்புகளுக்குப் பகிரும் ஜிபான் தொழில்நுட்பக் கருவி, கிளாஸ் பி பிளஸ் என்ற திறன் வகை என்றால், இரண்டுக்கும் நடுவில் 28 டெசிபல் வரை ஒளி இழப்பைத் தாங்கும். 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.35 வீதம் ஃபைபரிலேயே 6.3 டெசிபல் போய்விடும். ஒளியை 32 கிளைகளாகப் பிரிக்கும் 1:32 ஸ்ப்ளிட்டருக்குச் சுமார் 17.5. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்ப்ளைஸ் (ஃபைபர் முனைகளை ஒட்டிய இடம்) என்றால் அதில் ஏறக்குறைய 1. கழற்றி மாட்டும் இணைப்பு முனைகளான நான்கு கனெக்டர்களுக்கு 2. ஆக மொத்தம் 26.8. மிச்சம் 1.2 டெசிபல்தான்! வீடுகள் கூடுகின்றனவே என்று 1:64 ஸ்ப்ளிட்டர் மாட்டினால், கூடுதலாக 3 டெசிபலுக்கு மேல் போய், கடைசி ஊரின் ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

அந்த மிச்சத்தையும் தின்பது பழுதுபார்ப்பு. சாலை விரிவாக்கத்தில் ஜேசிபி கேபிளை அறுத்தால், நடுவே புதுத் துண்டு வைத்து இரண்டு இடங்களில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் பத்து மீட்டராவது கேபிளைச் சுருட்டி வைத்திருந்தால், அருகில் அறுந்ததை இழுத்து ஒரே ஸ்ப்ளைஸில் முடிக்கலாம். செலவில்லாத இந்த வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒட்டிய பிறகு, ஃபைபரில் எங்கே எவ்வளவு ஒளி இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் 1310, 1550 நானோமீட்டர் இரண்டு அலைநீளத்திலும் பார்ப்பது அவசியம். 1550-இல் மட்டும் இழப்பு அதிகம் தெரிந்தால் ஸ்ப்ளைஸில் குறையில்லை. ஜாயின்ட் பெட்டிக்குள் ஃபைபர் இறுக்கமாக வளைந்திருக்கிறது. திறந்து தளர்த்தி வைத்தால் சரியாகிவிடும்.

முதல் கட்டத்தில் பாதைகள் பெரும்பாலும் நேர்க்கோடாகவே அமைந்தன. ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருட்டு. 2023-இல் ஒப்புதலான திருத்திய திட்டம், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியே இணைப்பு வரும் வளைய அமைப்புக்கு மாறுகிறது, பத்து ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்திருக்கிறது. மிகச் சரியான முடிவு. ஆனால் வளையத்தின் இரண்டு கைகளும் ஒரே பள்ளத்திலோ ஒரே பாலத்திலோ போனால், அது வரைபடத்தில் மட்டுமே வளையம். ஒப்பந்தப் பணியைச் சரிபார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது மின்சாரம். ஃபைபர் நன்றாக இருந்தும் ஊராட்சி அலுவலகத்தில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனால், பேட்டரி தீர்ந்ததும் அங்குள்ள கருவி படுத்துவிடும், அதை நம்பியிருக்கும் வீட்டு இணைப்புகளும் கூடவே. கருவிக்குத் தனி மின்வழி, தனிப் பூட்டு, வெளியிலிருந்து திறக்கக்கூடிய அலமாரி மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.