ஏவுகணை வழிநடத்தல் பேப்பர்: எங்கிருந்து தொடங்குவது?

எம்.டெக். ஏரோஸ்பேஸில் இந்தப் பேப்பரை எடுப்பவர்கள் பலரும் ஆட்டோபைலட்டில்தான், அதாவது கட்டளைப்படி ஏவுகணையைத் திருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பில்தான், தொடங்குகிறார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பி.இ.யிலேயே பழகியது, அதனால் கை அங்கேதான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் படம் வரையுங்கள்: ஏவுகணை, இலக்கு, இரண்டையும் இணைக்கும் பார்வைக்கோடு. இரண்டும் மாறா வேகத்தில் நெருங்கும்போது அந்தக் கோடு திரும்பாமலே இருந்தால் மோதல் நிச்சயம். விகிதாசார வழிநடத்தல் என்பது இவ்வளவுதான். கோடு திரும்பும் வீதத்துக்கேற்ப ஏவுகணை பக்கவாட்டில் முடுக்கம் எடுக்கும். அமெரிக்காவின் லார்க் ஏவுகணை 1950-லேயே இந்த விதிப்படி இலக்கை இடைமறித்துவிட்டது.

கணக்கு எளிது. நெருங்கும் வேகம் நொடிக்கு 2500 மீட்டர், கோடு திரும்புவது நொடிக்கு 0.5 டிகிரி, இவற்றைப் பெருக்கும் எண்ணான வழிநடத்தல் மாறிலி 4. மூன்றையும் பெருக்கினால் சுமார் 9 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). டிகிரியை ரேடியனாக்க மறந்தால் 500 ஜி-க்கு மேல் வரும். அதையும் அடிக்கோடிட்டு எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு! விடை வந்ததும் ஜி-யில் மாற்றிப் பாருங்கள், தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

இலக்கு சீரான முடுக்கத்தில் விலகி ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி. மதிப்பெண் அதிகம் கிடைக்கும் இடமும் இதுதான். மாறிலி 3 என்றால் கடைசி நொடியில் இலக்கைப்போல மூன்று மடங்கு முடுக்கம் தேவை. 4 என்றால் இரண்டு மடங்கு. சரி, மாறிலியை ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், இலக்கைப் பார்க்கும் உணரியான சீக்கரின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். 3-க்கும் 5-க்கும் இடையில் வைப்பது அதனால்தான். இந்த வருவிப்பைப் பார்க்காமல் எழுதும் வரை பயிற்சி செய்யுங்கள்.

இதற்கு அப்புறம் ஆட்டோபைலட்டுக்கு வாருங்கள். வால் துடுப்பால் திரும்பும் ஏவுகணை முதலில் ஒரு கணம் எதிர்ப்பக்கம் நகர்ந்துவிட்டுத்தான் வேண்டிய பக்கம் போகும். பரிமாற்றச் சார்பில் (உள்ளீட்டை வெளியீட்டோடு இணைக்கும் சார்பு) சிக்கலெண் தளத்தின் வலப்பக்கம் நிற்கும் பூஜ்ஜியம் இதைத்தான் சொல்கிறது. ஆட்டோபைலட்டின் தாமதம் கடைசி நொடிகளில் எப்படி மீட்டர் கணக்கில் குறி தவற வைக்கிறது என்பதும் அப்போது புரியும்.

வைவாவில் இடைமறிக்கும் உயரத்தைப் பற்றிக் கேட்பார்கள். டிஆர்டிஓவின் ஏஏடி இடைமறிப்பு ஏவுகணை 2007 டிசம்பர் சோதனையில் சுமார் 15 கி.மீ. உயரத்தில் இடைமறித்தது, அங்கே துடுப்பு பிடிக்கக் காற்று உண்டு. அமெரிக்காவின் தாட் இடைமறிப்பு ஏவுகணை போல வளிமண்டலத்துக்கு வெளியேயும் போகிறவற்றுக்குப் பக்கவாட்டு உந்திகள் வேண்டும். இதை இரண்டு வரியில் சொன்னால் போதும்.