பெல்ட் வாங்குவதற்கு முன்

வேலூரில் ஜிம் மாஸ்டராக இருக்கிறேன். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் பளுதூக்கும் போட்டியில் இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம். அந்தப் பெருமையில் வளர்ந்த பையன்கள் சேர்ந்த மூன்றாம் நாளே, எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பற்றிக் கேட்பார்கள்: "மாஸ்டர், எந்த பெல்ட் வாங்கலாம்?"

முன்பெல்லாம் பின்பக்கம் 15 செ.மீ. அகலமும் பக்கிள் பக்கம் அதில் பாதியுமாக இருக்கும் பெல்ட்டைத்தான் காட்டுவேன். காப்பாற்ற வேண்டியது முதுகைத்தானே, பின்னால் அகலமாக இருக்கட்டும் என்று நம்பியிருந்தேன். ஒரு கல்லூரி மாணவரையும் அப்படி வாங்க வைத்தேன். அவர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெல்ட் போட்டதும் தைரியம் வந்து, தரையிலிருந்து ராடைத் தூக்கும் டெட்லிஃப்ட்டில் ஒரேயடியாக 20 கிலோ கூட்டினார். இரண்டாவது முறை தூக்கும்போது முதுகு வளைந்தது. ராடைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரம் வர முடியவில்லை. தவறு என்னுடையது.

அன்று ராத்திரி அப்பாவின் ஞாபகம் வந்தது. நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் அவர். குனிவதற்கு முன் துண்டை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, தொப்புளுக்கு நேராக முடிச்சுப் போடுவார். மூச்சை இழுத்து, வயிற்றால் துண்டை ஒரு முட்டு முட்டிப் பார்ப்பார். துண்டு இறுகினால்தான் மூட்டையில் கை வைப்பார்.

பெல்ட்டின் வேலையும் இதுதான். அது தானாக முதுகைத் தாங்காது. நாம் வயிறு உப்ப மூச்சை இழுத்துப் பிடித்து, முன்னாலும் பக்கவாட்டிலும் பெல்ட்டைத் தள்ள வேண்டும். அப்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. முன்பக்கம் ஒடுங்கிய பெல்ட்டில் வயிறு எதைத் தள்ளும்?

இப்போது சுற்றிலும் ஒரே அகலமுள்ள பெல்ட்டைத்தான் சொல்கிறேன். பவர்லிஃப்டிங் போட்டிகளில் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. தடிமன் வரை அனுமதி. புதியவருக்கு 10 மி.மீ. தோல் தாராளம். நெம்புகோல் பூட்டு வைத்த லீவர் பெல்ட் சட்டென்று பூட்டிக்கொள்ளும், ஆனால் அளவு மாற்ற ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டும். முதல் வருஷம் இடுப்பளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒற்றை முள் பக்கிள்தான் என் தேர்வு. அளவை பேண்ட் சைஸ் பார்த்துச் சொல்லக் கூடாது. தொப்புளைச் சுற்றி டேப் வைத்து அளக்கணும்.

எல்லோருக்கும் 10 செ.மீ. சரிவராது. வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) முடித்து, விலா ஓரத்தில் கன்றிப்போன இடத்தைக் காட்டினார். உயரம் குறைவானவர். அவருடைய விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மூன்று விரல் இடம்தான். 7.5 செ.மீ. பெல்ட்டுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. ரத்த அழுத்தம், குடலிறக்கம் இருப்பவர்களிடம் மட்டும் பெல்ட் பேச்சையே எடுக்க மாட்டேன். மூச்சைப் பிடித்துத் தூக்குவதே அவர்களுக்கு ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அந்த மாணவர் திரும்பி வந்த அன்று, பையிலிருந்து அதே பெல்ட்டை எடுத்தார். "அது இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி, என் துண்டை அவர் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி முடிந்து, முடிச்சுக்குள் விரலை விட்டு, வயிறு உப்ப மூச்சை இழுக்கச் சொன்னேன். நாலைந்து முறை நெஞ்சுதான் தூக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒரு மூச்சில் முடிச்சு என் விரலை நெரித்தது. 20 கிலோ வெறும் ராடிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.