பாலக்கோட்டு மண்ணும் ஒரு வெற்றுக் குழாயும்

மே 6, 2024, திங்கள்

காலை ஆறு மணிக்கே பாலக்கோடு போய்விட்டோம், எட்டு மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. தக்காளிக் கொல்லையில் நாலு மூலையிலும் நடுவிலும் மேல்மண் எடுத்து, தனித்தனிக் குழாயில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது கொல்லைக்காரத் தாத்தா வந்து நின்றார். "என்னம்மா, போருக்குப் பாயிண்ட் பாக்கறீங்களா?" இல்லை தாத்தா, இந்த மண் ஒருத்தர் செருப்பில் ஒட்டிக்கொண்டு போனால், அது உங்கள் கொல்லை மண்தான் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பக்கத்துக் கொல்லையும் இதே செம்மண்ணுதானே, அப்ப எப்படிச் சொல்லுவீங்க?"

என் ஆய்வின் கேள்வியே அதுதான். தடய அறிவியலில் மண்ணின் நிறம், துகள், கனிமம் எல்லாவற்றையும் ரொம்ப காலமாகப் பார்க்கிறார்கள். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஒரே செம்மண் கிடக்கும் ஊரில் அது எவ்வளவு தூரம் உதவும்? ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது, ஆயிரக்கணக்கான வகைகள். போட்ட எரு, அடித்த மருந்து, பாய்ந்த தண்ணீர், வளர்ந்த பயிரின் வேர் இவையெல்லாம் சேர்ந்துதான் எந்த வகை பெருகும், எது அடங்கும் என்பதை முடிவு செய்கின்றன. அந்தக் கலவையே அந்த இடத்தின் கைரேகையாக இருக்குமா என்பதுதான் விஷயம்.

பக்கத்துக் கொல்லை, பென்னாகரம் ரோட்டில் ஒரு புளியந்தோப்பு, தொப்பூர் சாலையோரம், ஒகேனக்கல் ஆற்றங்கரை. தாத்தா கொல்லையோடு சேர்த்து மொத்தம் ஐந்து இடம். ஒவ்வொரு இடத்திலும் புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி போட்டு நூறு அடி நடந்தேன். அந்த ஐந்து ஜோடியும் இப்போது வீட்டுத் திண்ணையில் தனித்தனிக் காகிதப் பையில் இருக்கின்றன, ஒரு வாரம் அப்படியே இருக்கும்.

மே 10, வெள்ளி

இன்று முழுக்க மண்ணிலிருந்து டிஎன்ஏ பிரித்தேன். கால் கிராம் மண், அதோடு குட்டி குட்டி மணிகள், வேகமாகக் குலுக்கினால் பாக்டீரியாவின் சுவர் உடையும், அப்புறம் கழுவி எடுக்க வேண்டும். நாலு இடத்து மண் பிரச்சினை செய்யவில்லை. புளியந்தோப்பு மண் மட்டும் படுத்தி எடுத்துவிட்டது. வருடக்கணக்கில் விழுந்து மக்கிய இலையின் ஹியூமிக் அமிலம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, கடைசிக் குழாயில் கூட வெளிர் டீ மாதிரி நிறம். டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்குவதுதான் பிசிஆர், இந்த அமிலம் அதில் வேலை செய்ய வேண்டிய நொதியை முடக்கிவிடும், அப்போது டிஎன்ஏ நிறைய இருந்தாலும் அதைக் கோடாகக் காட்ட வேண்டிய ஜெல்லில் ஒன்றுமே தெரியாது. பத்து மடங்கு நீர்த்துப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. நாள் முழுக்கப் போராடியது கடைசியில் ஒரு சொட்டுத் தண்ணீரில் தீர்ந்தது.

மே 14, செவ்வாய்

செருப்புகளைச் சுரண்டியாயிற்று. ஒகேனக்கல் செருப்பில் மணல் பாதி உதிர்ந்துவிட்டது, மிஞ்சியது ஒரு சிட்டிகை கூட இல்லை. அம்மா கொடுத்துவிட்ட களி மதியத்துக்கே தீர்ந்தது. வேறொன்றும் இல்லை.

மே 17, வெள்ளி

பிசிஆர் வந்துவிட்டது! நாங்கள் படிப்பது 16எஸ் என்ற மரபணு. சுமார் 1500 எழுத்து நீளம், எல்லா பாக்டீரியாவிலும் உண்டு. சில பகுதிகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல, நடுவே ஒன்பது பகுதிகள் வகைக்கு வகை மாறும். மாறாத பகுதியைப் பிடித்துக்கொண்டு மாறும் பகுதியைப் படிக்கலாம். இதற்கு எதையும் ஆய்வகத் தட்டில் வளர்க்க வேண்டியதில்லை, அது பெரிய நிம்மதி, ஏனென்றால் மண் பாக்டீரியாவில் பெரும்பகுதி நம் தட்டில் வளரவே வளராது.

ராத்திரி பழைய கட்டுரைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். விரல் நுனியில் இருக்கும் பாக்டீரியாவையும் கணினி விசைப்பலகையில் இருக்கும் பாக்டீரியாவையும் ஒப்பிட்டு, எந்த விசைப்பலகை யாருடையது என்று 2010இல் காட்டினார்கள். 2013இல் இறந்த எலிகளை 48 நாள் கவனித்து, நுண்ணுயிர் மாறும் வரிசையை வைத்தே இறந்து எத்தனை நாள் ஆனது என்று சுமார் மூன்று நாள் பிழைக்குள் சொன்னார்கள். நுண்ணுயிரியல் படித்துவிட்டுத் தடய அறிவியலுக்கு ஏன் வந்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது இந்த இரண்டையும்தான் சொல்வேன். எனக்கு இரண்டும் ஒரே படிப்புதான்.

மே 22, புதன்

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறை டிஎன்ஏ பிரிக்கும்போதும் மண்ணே போடாத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுவோம். எல்லாத் திரவமும் அதில் போகும், மண் மட்டும் போகாது. அதன் கடைசியில் ஒன்றும் தெரியக் கூடாது. செருப்பு மாதிரிகளில் டிஎன்ஏ குறைவு என்பதால் பிசிஆரை 35 சுற்று ஓட்டினேன். அந்த வெற்றுக் குழாயில் மெல்லிய பேண்ட், அதாவது டிஎன்ஏ கோடு ஒன்று நிற்கிறது, மற்றவை நிற்கும் அதே உயரத்தில்.

முப்பது சுற்றிலேயே ஒரு டிஎன்ஏ துண்டு நூறு கோடிக்கு மேல் பெருகும். அதனால் எங்கிருந்தோ வந்த ஒரு துளி கூட சாட்சி சொல்ல எழுந்து நின்றுவிடும்.

ஜெர்மனியில் நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1993 முதல் சுமார் நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. கொலை, திருட்டு, 2007இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுடப்பட்டது வரை. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009இல்தான் தெரிந்தது, அப்படி ஒரு குற்றவாளியே கிடையாது, மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. பஞ்சில் கிருமி இல்லை, டிஎன்ஏ இருந்தது. இத்தனை வருடமும் அந்தக் காவலரின் வீட்டார் என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்?

மே 24, வெள்ளி

காரணம் தெரிந்துவிட்டது. பிசிஆருக்கு மட்டும் வைத்த வெற்றுக் குழாய் சுத்தமாக இருக்கிறது, எனவே கோளாறு அதற்கு முந்தைய படியில். கடைசியில் டிஎன்ஏவைக் கரைத்து எடுக்கும் திரவம் தீர்ந்துபோய், ஆட்டோகிளேவ் செய்த எங்கள் தண்ணீரை ஊற்றியிருந்தேன். 121 டிகிரியில் வேகவைத்த தண்ணீர்தான். அதில் பாக்டீரியா செத்துவிடும், ஆனால் அதன் டிஎன்ஏ துண்டு துண்டாகக் கிடக்கும். இதை மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உடன் வேலை செய்யும் அக்கா சொன்னார், "மண்ணில் இவ்வளவு டிஎன்ஏ இருக்கே, இந்தத் துளியால என்ன ஆகிடப்போகுது, கணக்குல கழிச்சுக்கலாம் விடு." கொல்லையில் எடுத்த மண்ணுக்கு அது ஓரளவு சரி. செருப்பில் மிஞ்சிய சிட்டிகைக்குச் சரியில்லை. அங்கே மண்ணின் டிஎன்ஏ எவ்வளவோ, தண்ணீரின் டிஎன்ஏவும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கலாம். வழக்கில் வருவது எப்போதும் சிட்டிகைதான், யாரும் கால் கிலோ மண்ணைச் செருப்பில் விட்டுவிட்டுப் போவதில்லை. ஒப்பிடும் இரண்டும் ஒரே விதமாக வந்திருக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் மறுபடி செய்யலாம் என்று மேடத்திடம் சொன்னேன். உடனே சரி என்றார். அக்காவும் சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

ஜூன் 6, வியாழன்

நடுவில் கோடை மழை பெய்துவிட்டது. நனைந்த மண்ணில் பாக்டீரியா நிலவரம் மாறியிருக்கும், எனவே பழைய மண்ணோடு புதுச் செருப்பை ஒப்பிட முடியாது. ஐந்து இடத்துக்கும் மறுபடி அலைந்தோம், புதுச் செருப்பு, புது மண், ஒரு வாரத் திண்ணை. இந்த முறை அக்கா செருப்புகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்து எது எந்த இடம் என்பதை என்னிடமிருந்து மறைத்துவிட்டார். வெற்றுக் குழாய் மூன்று ஓட்டினேன், மூன்றும் காலி. ஜெல்லில் அந்த இருட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. மாதிரிகள் டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்ஸிங்குக்குப் பெங்களூரு போய்விட்டன.

ஜூன் 26, புதன்

முடிவு வந்தது. அ ஒகேனக்கல், இ புளியந்தோப்பு, உ தொப்பூர் என்று எழுதிக் கொடுத்தேன், மூன்றும் சரி. ஒரு வாரம் காய்ந்ததில் கலவை மாறித்தான் இருக்கிறது, வறட்சி தாங்கி உறையாகக் கிடக்கும் பேசில்லஸ் மாதிரி வகைகளின் பங்கு கூடியிருக்கிறது, ஆனாலும் இடம் தெரிகிறது. ஆ, ஈ இரண்டும் தக்காளிக் கொல்லைகள். எது எந்தக் கொல்லை என்று எவ்வளவு பார்த்தும் பிரியவில்லை. ஏதோ ஒன்றைச் சொன்னால் பாதிக்குப் பாதி சரியாகிவிடும் என்று அக்கா சொன்னார். அந்தக் கட்டத்தில் "பிரித்துச் சொல்ல இயலவில்லை" என்று எழுதினேன்.

ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வருகிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது, மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு வரை அவகாசம் இருக்கிறது. இனி வரும் சிட்டிகைகள் அதிகமாகும். ஒவ்வொன்றோடும் வெற்றுக் குழாயின் முடிவும் அறிக்கையில் அச்சாக வேண்டும் என்று மேடத்திடம் கேட்கப் போகிறேன்.

ஜூன் 29, சனி

பாலக்கோடு போய்த் தாத்தாவிடம் சொன்னேன். ஆறு, தோப்பு, ரோடு எல்லாம் தெரிந்தது தாத்தா, உங்கள் கொல்லையையும் பக்கத்துக் கொல்லையையும் மட்டும் பிரிக்க முடியவில்லை.

"அது என் தம்பி கொல்லை. பாகம் பிரிச்சும் ரெண்டுக்கும் ஒரே கெணத்துத் தண்ணிதாம்மா பாயுது. எருவும் ஒரே பட்டி எருதான்" என்றார்.

மாதிரி எடுக்கும் படிவத்தில் எந்தக் கிணறு, எந்த எரு என்று இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன்.