கடைசிப் பாடவேளை, குளக்கட்டு

எங்கள் பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளர் கேட்டார். பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நான் குளத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பாடசாலையின் பின்மதிலைத் தாண்டினால் குளக்கட்டு. தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்டாத யாராவது இதை வாசித்தால், மன்னிக்கவும், நீங்கள் பாதிப் பாடசாலைதான் படித்திருக்கிறீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 27 எடுத்த அன்று அங்கேதான் போய் உட்கார்ந்தேன். வீட்டில் என்ன சொல்வது என்பதே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் விஞ்ஞான மாஸ்டர் வந்து நின்றார். அடி நிச்சயம் என்று எழும்பினேன். "இரு, இரு" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை என்று கேட்டார், சொன்னேன்.

"சரி. யோசிக்காதே என்றால் கேட்கவா போகிறாய்? யோசி. கண் மட்டும் தண்ணீரில் இருக்கட்டும்."

கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீர். அதன்மேல் மெல்லிய கால்களோடு பூச்சிகள் வழுக்கி ஓடின. "பூச்சியை விடு, அடியில் நிழலைப் பார்" என்றார். கால் நூல் மாதிரி. மணலில் விழுந்த நிழலோ பொத்தான் அளவில் வட்டவட்டமாக, விளிம்பில் ஒரு வெளிச்ச வளையத்தோடு! கால் அழுத்தும் இடத்தில் நீரின் மேற்பரப்பு குழிகிறது, குழி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விலக்கிவிடுகிறது, நாம் பார்ப்பது குழியின் நிழல் என்று விளக்கினார். அப்புறம் அக்கரையில் இரண்டு பேர் சாதாரணமாகக் கதைத்தது பக்கத்தில் கதைப்பதுபோலக் கேட்டது. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருக்கும்போது சத்தம் வளைந்து கீழேயே வருமாம். "அதனால் குளக்கரையில் யாரையும் திட்டாதே."

மணி அடித்தது. 27 அப்படியே 27தான். ஆனால் வயிற்றைப் பிசைந்தது எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மாஸ்டர் செய்த வைத்தியத்துக்கான விளக்கம் பல வருடம் கழித்து, கடல் கடந்து வந்த பிறகுதான் தெரிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரேச்சல், ஸ்டீபன் கப்லான் தம்பதி 1980களில் இதை விளக்கி எழுதினார்கள். கணக்குப் போடவும் கோப்பு பார்க்கவும் வலிந்து செலுத்துகிற கவனம் களைத்துப்போகும். நீரலை, மேகம், இலையசைவு போன்றவை கவனத்தை வருத்தாமல் மெல்ல இழுத்துவைக்க, களைத்த பகுதி ஓய்வெடுக்கிறது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரைக் கொண்டு செய்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களே தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்கள். நலமாக இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை.

எல்லா நாளும் பலிக்கும் என்றும் சொல்லமாட்டேன். அப்பா இறந்த வருடம் இங்குள்ள ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். அந்த அமைதியில் துக்கம் இன்னும் பெரிதாகத்தான் கேட்டது. உட்கார முடியாமல் கரையைச் சுற்றி நடந்தேன். மூன்றாவது சுற்றில், ஒரு மீன் துள்ளி விழுந்த வளையம் விரிந்து விரிந்து கரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த அரை நிமிடம் அப்பா நினைவு இல்லை. அன்றைக்கு அது போதுமாக இருந்தது. கைபேசியோடு போனால் மட்டும் இந்த அரை நிமிடமும் கிடைக்காது, என் அனுபவம் அது.

போன வாரம் மாலையில் போயிருந்தேன். காற்றே இல்லை, ஏரி கண்ணாடி மாதிரி. எதிர்க்கரையில் ஒரு கணவன் மனைவி சண்டை, ஒரு சொல் விடாமல் கேட்டது. அவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் வேறு யாரோ.