ரிமோட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி இருக்கிறது

வேலூரில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கடை சத்துவாச்சாரிப் பக்கம். பட்டன் ஸ்டார்ட் வண்டி எந்த வேலைக்காக வந்தாலும், திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பேன். "இந்த ரிமோட்டுக்குள்ள ஒரு சாவி இருக்கே, எடுத்துப் பார்த்திருக்கீங்களா?" நிறையப் பேர் இல்லை என்பார்கள். சிலர் நம்பவே மாட்டார்கள். ரிமோட்டின் ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளி, உள்ளிருந்து சாவியை உருவி, அவர்கள் கையிலேயே கொடுத்து, டிரைவர் கதவைப் பூட்டித் திறக்கச் சொல்வேன். அதைச் செய்து காட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை.

காரணம் இருக்கிறது. சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் ரோடு, கோட்டை சுற்றுவட்டாரம், ஸ்ரீபுரம் கோயில் பக்கம் என்று நாலா இடத்திலிருந்தும் "கார் திறக்க மாட்டேங்குது" என்று போன் வரும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சித்தூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்திருப்பார்கள். அவர்கள் இருக்கும் மனநிலையில் பூட்டிய கார் ஒரு பெரிய இடி.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தம்பியைச் சொல்கிறேன். அம்மாவை டிஸ்சார்ஜ் செய்து சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். கத்திரி வெயில். ஹேண்டிலைத் தொட்டாலும் திறக்கவில்லை, ரிமோட் பட்டனை அழுத்தினாலும் திறக்கவில்லை. "அண்ணா, சாவி செத்துப்போச்சு. கண்ணாடிய உடைச்சிடட்டுமா?" என்றார். "இரு தம்பி, வர்றேன்" என்று போனேன். ரிமோட்டுக்குள் இருந்த சாவியை உருவினேன். ஹேண்டிலின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் உள்ளே சாவித் துவாரம். திருப்பினேன், கதவு திறந்தது, உடனே அலாரம் அலற ஆரம்பித்தது. தம்பி பயந்துவிட்டார். பிரேக்கை மிதித்தபடி, செத்துப்போன அதே ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினேன். அலாரம் நின்றது, இன்ஜின் ஓடியது, ஏசி வந்தது. அம்மாவை உட்கார வைத்தோம். ரிமோட்டின் செல்லை, அதாவது உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை, மாற்றியது அதற்கப்புறம்தான்.

"பேட்டரியே இல்லாத சாவில எப்படிண்ணா வண்டி ஸ்டார்ட் ஆச்சு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொண்டால் நடுரோட்டில் யாரும் தவிக்க வேண்டாம்.

ரிமோட் ஒரே பொருள் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றையொன்று சாராத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. செல்லில் ஓடும் ரேடியோ ஒன்று. செல்லே தேவைப்படாத சிப் ஒன்று. கரண்டே தேவைப்படாத இரும்புச் சாவி ஒன்று. ஒன்று செத்தால் மற்ற இரண்டும் சாவதில்லை.

முதலில் ரேடியோ. பாக்கெட்டில் ரிமோட் இருக்க, நீங்கள் கதவு ஹேண்டிலைத் தொடுகிறீர்கள், அல்லது அதிலுள்ள கறுப்புப் பட்டனை அழுத்துகிறீர்கள். பேச்சை ஆரம்பிப்பது கார்தான், சாவி இல்லை. ஹேண்டிலிலும் கேபினுக்குள்ளும் உள்ள ஆன்டெனாக்கள் வழியாக, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், கார் ஒரு குரல் கொடுக்கும். இவ்வளவு குறைந்த அலைவரிசையில் போவது காந்தப்புலம்தான். கொஞ்சம் தள்ளிப் போனாலே சட்டென்று தேய்ந்துவிடும். அதனால்தான் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் மட்டும் கதவு திறக்கிறது. அந்தக் குரலைக் கேட்க ரிமோட்டுக்குள் மூன்று திசையைப் பார்த்தபடி மூன்று கம்பிச்சுருள்கள் இருக்கும். பாக்கெட்டில் குப்புறக் கிடந்தாலும் சாய்ந்து கிடந்தாலும் ஏதாவது ஒரு சுருளுக்குக் கேட்டுவிடும். இந்த வடிவமைப்பை நான் மிகவும் ரசிக்கிறேன்.

கார் அனுப்புவது ஒவ்வொரு முறையும் ஒரு புது எண். ரிமோட் அதைத் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். நம் ஊர் வண்டிகளில் அது பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸில் போகும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 அதிகம். விடை சரியாக இருந்தால் கதவு திறக்கும். அடுத்த முறை கேள்வி வேறு என்பதால், பழைய விடையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு யாரும் காரைத் திறக்க முடியாது. சாவியை வெளியே எடுக்காமலே திறக்கும் வசதி நேற்று வந்ததும் இல்லை. 1993-லேயே அமெரிக்காவில் கார்வெட் கார் பாக்கெட்டில் சாவி இருந்தால் தானே திறந்தது.

அடுத்து சிப். டோல்கேட்டில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்குக்குள் பேட்டரி கிடையாது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே அதற்கு உயிர் வருகிறது. அலைவரிசை வேறு என்றாலும் ரிமோட்டுக்குள் உள்ள சிப்புக்கும் தத்துவம் அதுதான். ஸ்டார்ட் பட்டனைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். ரிமோட்டை அதன்மேல் ஒட்டினால் சிப்புக்குக் கரண்ட் கிடைத்து, 'நான்தான்' என்று தன் அடையாளத்தைச் சொல்லும். எல்லா வண்டியிலும் அந்த இடம் பட்டன்தான் என்று இல்லை. சிலவற்றில் ஸ்டீயரிங் தண்டின் பக்கம், சிலவற்றில் கப் வைக்கும் குழியில். வண்டியோடு வந்த கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கையேடு காருக்குள் இருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

மூன்றாவது அந்த இரும்புச் சாவி. ரிமோட் செல் புதிதாக இருந்தும் வண்டி திறக்காவிட்டால், பெரும்பாலும் காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். காருக்கே உயிர் இல்லாதபோது அது எப்படிக் குரல் கொடுக்கும்? சென்ட்ரல் லாக்கும் வேலை செய்யாது, கரண்டில் திறக்கும் டிக்கியும் திறக்காது. அப்போது இந்தச் சாவி ஒன்றுதான் கதி. வேலூர் வெயில் கார் பேட்டரியைச் சீக்கிரம் கொல்லும். உஷ்ணம் ஏற ஏற உள்ளே ரசாயன அரிப்பு வேகமாகும். போர்ட்டிகோவில் காரை நிறுத்தி, அதை ஒட்டிய சுவரிலேயே ஆணி அடித்து ரிமோட்டை மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சில வண்டிகளில் காரும் சாவியும் எட்டும் தூரத்தில் இருந்தால் சும்மா இருக்காது. ஓயாமல் பேசிக்கொண்டே இரண்டின் பேட்டரியையும் தின்னும். கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

பல வருஷம் சாவியே நுழையாத துவாரத்தில் தூசி அடைத்துப் போகும். அதற்காகத்தான் கடையிலேயே திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். இறுகினால் கிராஃபைட் தூள் கொஞ்சம் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு, வேண்டாம். தூசி எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாகிவிடும்.

சரி, சாவி உள்ளே இருக்கக் கார் பூட்டிக்கொள்வது எப்படி? "அது பூட்டவே பூட்டாதுன்னு ஷோரூம்ல சொன்னாங்களே" என்று கேட்காதவர்கள் இல்லை. அவர்கள் சொன்னது பாதி உண்மை. உள்ளே ரிமோட் இருப்பதை கேபின் ஆன்டெனாக்கள் சிக்னலின் பலத்தை வைத்துக் கண்டுபிடிக்கும், பீப் அடித்துப் பூட்ட மறுக்கும். ஆனால் ரிமோட்டின் செல் சோர்ந்திருந்தால் காரின் குரலுக்குப் பதிலே வராது. டேஷ்போர்டின் மேல் கண்ணாடியை ஒட்டி, கதவுப் பையில், டிக்கியின் மூலையில் வைத்தால் சில வண்டிகளுக்குத் தெரியாமல் போகும். ஓடும் செல்போன், லேப்டாப் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தாலும் குழப்பம் வரும். எவர்சில்வர் டிபன் கேரியர் பைக்குள் போட்டால் உலோகம் மறைக்கும்.

நான் அதிகம் பார்ப்பது வேறு. பல வண்டிகளில் ரிமோட்டில் திறந்துவிட்டு அரை நிமிஷத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. சிலவற்றில் டிக்கியை மட்டும் திறந்தால் அது கணக்கில் வராது. காய்கறிப் பையோடு சேர்த்துச் சாவியையும் டிக்கியில் வைத்து மூடினால், உலோகத்துக்கு நடுவே சாவி, நான்கு கதவும் பூட்டு. டிக்கியில் சாமான் வைக்கும்போது சாவி கையிலோ சட்டைப் பையிலோ இருக்கட்டும், டிக்கித் தரையில் ஒரு நொடிகூட வேண்டாம்.

இன்னொன்று எங்கள் தொழில்காரர்களுக்கு. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டும்போது சில வண்டிகள் சட்டென்று பூட்டிக்கொள்ளும். வேலை முடியும் வரை ஒரு கண்ணாடி இறங்கியே இருக்க வேண்டும், சாவி பாக்கெட்டில் இருக்க வேண்டும். என் கடைப் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

உள்ளே குழந்தை இருந்தால் மட்டும் சாவியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். மெக்கானிக்குக்கும் காத்திருக்காதீர்கள், எனக்கும் காத்திருக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். சின்ன உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். 112-க்கு ஒருவர் போன் செய்யட்டும், இன்னொருவர் குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியை உடைக்கட்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு, உள்ளே பிளாஸ்டிக் தாள், அது விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடியின் மூலையில் ஸ்பானராலோ கல்லாலோ ஓங்கி அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். பணம் போனால் போகட்டும்.

செல் விஷயம் கொஞ்சம். பெரும்பாலான ரிமோட்டில் சிஆர்2032. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அகலம் ஒன்றுதானே என்று மெல்லிய 2025-ஐப் போடாதீர்கள், ஆடிக்கொண்டு பாதி நேரம் தொடர்பு விட்டுப்போகும். முன்பைவிட நெருங்கி வந்தால்தான் திறக்கிறது, அல்லது மீட்டரில் 'கீ பேட்டரி லோ' காட்டுகிறது என்றால் அன்றே மாற்றுங்கள். செல்லைக் கழற்றினால் சாவியின் பதிவு அழிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அழியாது, ரகசிய எண் செல் இல்லாமலும் நினைவில் இருக்கும். சில புது செல்களில் குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு தடவியிருப்பார்கள். அதனால் தொடர்பு கிடைக்கவில்லை என்றால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துப் போடுங்கள். கழற்றிய பழைய செல்லை மேஜைமேல் வைக்க வேண்டாம். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். தீர்ந்த செல்லும் அப்படித்தான்.

திருட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை இரண்டு கருவிகளை வைத்து நீட்டி, வாசலில் நிற்கும் காரைத் திறப்பது முடியும். 2011-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் ஈடிஎச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களில் செய்து காட்டினார்கள். ரகசிய எண்ணை யாரும் உடைக்கவில்லை. சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று காரை நம்ப வைத்தார்கள், அவ்வளவுதான். வாசலுக்குத் தள்ளி, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ரிமோட்டை வையுங்கள். டப்பாவோடு காரிடம் போய் ஹேண்டிலைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் டப்பாவை மாற்றுங்கள்.

இரண்டாவது சாவியை பீரோவில் பூட்டி வைத்து மறந்துவிடுகிறார்கள். அதிலும் செல் இருக்கிறது, அதுவும் இறங்கும். வெளியூர் போகும்போது அது கூட வருகிற இன்னொருவர் கையில் இருக்கட்டும், காருக்குள் இருக்கும் பையில் வேண்டாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் விலையில் குறையுங்கள், அப்புறம் சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லி, கையில் இல்லாததை அழிக்கச் சொல்லுங்கள். அழித்த சாவியால் இன்ஜின் ஓடாது. ஆனால் அதனுள் இருக்கும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும், அதைத் தடுக்க லாக்கையே மாற்ற வேண்டும்.