ஓடாமலே செத்த பற்றரி

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகனப் பற்றரி மாற்றுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பற்றரி செத்தால் புதியதை மாட்டி அனுப்புவதுதான் தொழில் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தது வெள்ளவத்தை ஐயா ஒருவரின் டொல்பின் வேன்.

பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன பிரிட்ஜ், காஸ் அடுப்பு எல்லாம் போட்டிருந்தார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை குடும்பத்தோடு அறுகம்பைப் பக்கம் போவார். மற்ற நாளெல்லாம் வேன் வீட்டுக் கராஜில். "தம்பி, இது செத்துப்போச்சு" என்று பிரிட்ஜுக்கென்று உள்ளே இருந்த 100 அம்பியர்-மணிப் பற்றரியை (ஒரு அம்பியர் வீதம் எடுத்தால் ஏறக்குறைய நூறு மணித்தியாலம் தாங்கும்) காட்டினார். மீற்றரில் 10.9 வோல்ட், காலி. நான் ஒன்றும் கேட்கவில்லை, புதியதை மாட்டினேன்.

மூன்று மாதத்தில் அதே வேன், அதே "தம்பி". குரல்தான் கொஞ்சம் மாறியிருந்தது.

அன்றைக்குத்தான் மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீற்றரை வைத்தேன். எல்லாம் ஓஃப். ஆனாலும் 60 மில்லி அம்பியர் போய்க்கொண்டிருந்தது. காஸ் கசிந்தால் கத்துகிற சின்னப் பெட்டியும் ரேடியோவும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மாதத்துக்கு 43 அம்பியர்-மணி. இரண்டரை மாதத்தில் பற்றரி காலி. காலியாகக் கிடக்கிற ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. கொழும்பு வெக்கையில் எதையும் இணைக்காமல் வைத்தாலே சார்ஜ் இறங்கும்.

"கூரையில சோலர் இருக்கே தம்பி?" என்றார். இருந்தது. கராஜ் தகரத்துக்குக் கீழே, அதற்கு மேல் படங்கு வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவையே வேன் எங்கே நிற்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது பற்றரிக்குப் பாதிக் காசை முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார்.

சரி, மைனஸ் பக்கம் ஒரு கட்-ஓஃப் சுவிட்ச் போட்டேன். வேன் கராஜில் நிற்கும்போது சுவிட்ச் ஓஃப். அப்போது காஸ் பெட்டியும் கத்தாது, அதனால் சிலிண்டர் வெளியே. மாதம் ஒரு தடவை மீற்றர் பிடிக்க வேண்டும். 12.7 இருந்தால் முழுசு, 12.4க்கு இறங்கினால் வீட்டுக் கரண்டில் சார்ஜர். கடல் காற்றில் பற்றரி முனைகள் அரித்துப் பூக்கும், அதையும் துடைக்கச் சொன்னேன்.

பயணத்தில் பிரிட்ஜ்தான் பெரிய தின்னி, நாளைக்கு 40 அம்பியர்-மணிக்கு மேல். 100 வாட் பானல் நல்ல வெயிலில் 30 தரும். பற்றரியிலும் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது. கணக்குப் பார்த்தால் மூன்று நாளாவது ஓடும், ஆனால் வேனை மர நிழலில் விடக்கூடாது.

அறுகம்பையில் இருந்து ஐயா போன் எடுத்தார். பற்றரி நன்றாக இருக்கிறதாம். வேனை வெயிலில் விடச் சொன்ன ஆள் யாரென்று அவர் வீட்டு அம்மாதான் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.